களி, கொள்ளு ரசம், கல்லாப் பெட்டி: ஒரு மகளிர் குழு உணவகம்

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலக வளாகத்துக்குள், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, மகளிர் சுய உதவிக் குழு ஒன்று சிறுதானிய உணவகம் நடத்துகிறது. மதியம் அங்கே ஒரு களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு கரண்டி கீரைக் கடைசல், கொள்ளு ரசம் எல்லாம் சேர்த்து 50 ரூபாய். இன்னோர் உருண்டை வேண்டுமென்றால் 20 ரூபாய். அந்தக் களிக்காகவே வெயிலில் பஸ் ஏறிப் போகலாம்.

களி இந்தப் பக்கத்து வீடுகளில் நினைவு தெரிந்த நாளிலிருந்து சாப்பிடுகிற சாப்பாடுதான். ஆனால் ஓட்டலில் நல்ல களி கிடைப்பது அரிது. அதற்கு உடம்பு வணங்க வேண்டும், பொறுமையும் வேண்டும். பின்கட்டில் நின்று அவர்கள் செய்வதைப் பார்த்தேன். கொதிக்கிற உலையில் முதலில் கொஞ்சம் நொய் போட்டு வேகவிடுகிறார்கள். நொய் மலர்ந்த பிறகு கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி குத்தி, மூடி, தீயைக் குறைத்துவிடுகிறார்கள். குழி வழியே ஆவி வந்து மாவு தானாக வேகும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். பிறகு பாத்திரத்தை இறக்கி வைத்து, ஒருவர் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிறார். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டித் தட்டில் வைக்கும்போது மேற்பரப்பு பளபளக்கிறது. நடுவில் விரலால் குழித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட வேண்டும். அவரைக்கொட்டை மசியவும் இல்லை, கடிக்கவும் இல்லை, சரியாக வெந்திருந்தது.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் சாமைப் பொங்கல் 40 ரூபாய், மிளகு தூக்கலாக இருக்கும். முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடை 25 ரூபாய். கல்லிலிருந்து எடுத்த உடனே சாப்பிட வேண்டும், ஆறினால் வறண்டுவிடுகிறது. கம்பங்கூழ் 20 ரூபாய், தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும். கருப்பட்டி போட்ட சுக்குக் காபி 15 ரூபாய். வரகரிசி சாம்பார் சாதம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு மணிக்கே செய்து மூடி வைத்துவிடுவதால், ஒன்றரை மணிக்குப் பரிமாறும்போது இறுகிப்போகிறது. வரகு தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். சாம்பாரைத் தனியாக வைத்துப் பரிமாறும் நேரத்தில் கலந்தால் போதும். கல்லாவில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். “செய்து பார்க்கிறோம் மேடம்” என்றார்.

அவர் என்னை மேடம் என்று அழைக்கக் காரணம் உண்டு. நான் வங்கியில் கிராமக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மாவட்டத்துக் குழுக்களின் தீர்மானப் புத்தகங்களையும் சேமிப்புக் கணக்குகளையும் பார்த்துப் பார்த்தே என் பணிக்காலம் கழிந்தது. அதனால் இந்த உணவகத்தை நாக்கை மட்டும் வைத்து என்னால் மதிப்பிட முடியாது. ஏழைப் பெண்கள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று அரசு போட்ட பல திட்டங்களைக் கோப்பில் பார்த்திருக்கிறேன். கல்லாப் பெட்டியில் காசு விழுகிறவரை கொண்டுபோய் விட்டவை சில. இது அந்தச் சிலவற்றில் ஒன்று. எப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே தர்மபுரியில்தான். 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன். அப்போது கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டமாகவே இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. 1992இல், ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைத்துப் பார்ப்பது என்று ஒரு முன்னோட்டத்தைத் தொடங்கியது. அடமானம் கொடுக்க ஒன்றுமில்லாத பெண்களுக்கு, வாரம் தவறாமல் சேமித்த பழக்கத்தையே ஈடாக எடுத்துக்கொண்டு கடன் கொடுக்கலாம் என்று வங்கிகள் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கொடுக்கும் உள்கடன், தவணை தவறாமல் திருப்பிச் செலுத்தல், சரியான கணக்கு என்று ஐந்து விதிகள். இவற்றைக் கடைப்பிடித்த குழுக்கள் கடனைத் திருப்பிக் கட்டின.

அதற்கு முந்தைய முறையையும் நான் பார்த்தவள். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களிலும் நடந்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு சொத்தைக் கொடுத்துவிட்டால் வருமானம் வந்துவிடும் என்பது அதன் கணக்கு. ஒரு பகுதி மானியம், மீதி வங்கிக் கடன், பெரும்பாலும் கறவை மாடு. மாட்டின் காதில் காப்பீட்டு வில்லை குத்திக் கையில் கயிற்றைக் கொடுத்துவிடுவோம். தீவனத்துக்கு நிலம் உண்டா, பால் வண்டி அந்த ஊர்ப் பக்கம் வருகிறதா, கறந்த பாலை யார் வாங்குவார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை. மாடு வற்றியதும் விற்றுவிட்டார்கள். கடன் நின்றது. வங்கியில் அவர்கள் பெயர் வாராக்கடன் பட்டியலில் ஏறியது. பால் வண்டி வராத ஊருக்கு மாட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஏழைகள் கடனைக் கட்டமாட்டார்கள் என்று பேசியவர்களைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததுண்டு. 1999 ஏப்ரலில் அந்தத் திட்டம் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில் கரைந்தது. குழுக்களை முன்னே வைத்தது அதன் பிறகுதான். 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. இன்று மகளிர் குழுவுக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஈடின்றிக் கடன் கிடைக்கிறது. 3 லட்சம் வரையிலான கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம்.

கடன் கிடைப்பது இப்போது பெரிய சிக்கல் இல்லை. விற்பதுதான் சிக்கல். ஊறுகாய், மெழுகுவத்தி, சோப்புத் தூள் என்று குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்கிய மேடைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழ் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கும். ஊறுகாய் பக்கத்து வீட்டுக்கும் உறவுக்காரர்களுக்கும் விற்று முடிந்ததும் நின்றுவிடும். தையல் இயந்திரமும் அப்படித்தான்: தைக்கத் துணி யார் கொடுப்பார்? இதற்கு விடை தெரிந்த திட்டமும் நம்மிடம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுத்துத் தைக்க வைக்கிறார்கள். வெட்டிய துணி வருகிறது, தைத்த துணி போகிறது, கூலி வருகிறது. அங்கே இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

இந்த உணவகம் அந்த வழியில் இன்னும் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. சிறுதானிய உணவகங்களைப் பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வளாகங்களிலேயே மகளிர் குழுக்கள் நடத்துகின்றன. இங்கே அரசு அவர்களுக்குக் கொடுத்தது ஓர் இடம், ஒரு கூரை, ஒரு தண்ணீர்க் குழாய். வாடகை பெயருக்குத்தான். மின் கட்டணம் அவர்களுடையது. கிரைண்டருக்கும் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள். மாவுக்கு மானியம் இல்லை, சாப்பாட்டு விலைக்கும் மானியம் இல்லை. ஆனால் அந்த இடத்தோடு கூடவே, மனு கொடுக்க வருகிறவர்கள், கோப்பைத் தேடி அலைகிறவர்கள், ஊழியர்கள் என்று தினமும் பசியோடு ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. ஒரு சிறு வியாபாரிக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே அப்படி ஓர் இடம் பிடிக்க வேண்டுமென்றால், முன்பணம் கொடுக்கவே அவர்களின் ஐந்தாண்டுச் சேமிப்பு போதாது. கூட்டத்தைக் கொண்டுவந்து விட்டது அரசு. அந்தக் கூட்டம் மறுநாளும் வருவது களியின் பதத்தைப் பொறுத்தது. வளாகத்துக்கு வெளியே பரோட்டாக் கடையும் பிரியாணிக் கடையும் இருக்கின்றன; யாரும் யாரையும் இங்கே சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பழைய பழக்கம். குழுவை வழிநடத்தும் ஊக்குநர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். தேதி, சந்தைச் செலவு, கேஸ், கூலி, வரவு, இருப்பு என்று வழக்கமான பத்திகள். கடைசியில் இன்னொரு பத்தி இருந்தது: “மீந்தது”. பொங்கல் இரண்டு தட்டு, அடை ஆறு, களி இல்லை என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் மாவு கூடுதலாகத் திரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் குறைவு, ஆகவே தினைப் பாயசம் ஒரு சின்னப் பாத்திரம் மட்டும். பக்கங்களைப் புரட்டப் புரட்ட, மீந்த பத்தியில் எண்கள் சிறுத்துக்கொண்டே வருவது தெரிந்தது. வேலைக்கு நிற்பவர் நாளுக்கு 350 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். முறை வைத்து வருகிறார்கள். மிச்சம் குழுக் கணக்குக்குப் போகிறது. கடன் தவணை மாதம் பத்தாம் தேதிக்குள் கட்டப்பட்டுவிடுகிறது.

கேழ்வரகு விலை ஏறியபோது களியை 40 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்கு உயர்த்தலாமா என்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அதுவும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. விலையைத் தாங்களே முடிவு செய்கிற அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது.

ஏனென்றால் விலையை அரசு தன் கையில் வைத்துக்கொண்ட உணவகங்களும் நம்மிடம் உண்டு. அம்மா உணவகம் 2013இல் சென்னையில் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். பசித்தவருக்குச் சோறு என்ற அளவில் அதை நான் குறை சொல்லமாட்டேன். கட்டடத் தொழிலாளி மூன்று வேளையும் வயிறார உண்ண முடிந்தது. அங்கே சமைப்பவர்களும் மகளிர் குழுப் பெண்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது தினக்கூலி. இட்லி நன்றாக விற்றாலும் விற்காவிட்டாலும் கூலி மாறாது. அது பசிக்கான திட்டம். அதைப் பெண்களின் சுயசார்புத் திட்டம் என்று பெயரிட்டு அழைப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

பக்கத்துக் கேரளத்தில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, நாட்டிலேயே வலுவான பெண்கள் இயக்கங்களில் ஒன்று. கொரோனா காலத்தில் அவர்கள் நடத்திய ஜனகீய உணவகங்களில் 20 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு. சாப்பாடு ஒன்றுக்கு 10 ரூபாயை அரசு மானியமாகக் கொடுத்தது. 2023இல் அந்த மானியம் நின்றது. சாப்பாடு 30 ரூபாய் ஆனது. 20 ரூபாய்க்குப் பழகிய கூட்டத்திடம் ஒரே நாளில் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்க வேண்டிய நிலை, சமையலறையில் நின்ற பெண்களுக்கு வந்தது. உதவியைச் சாப்பாட்டு விலைக்குள் வைத்தால், எங்கோ ஒரு கோப்பில் ஒரு கையெழுத்து மாறும்போது கடையே ஆட்டம் காண்கிறது. நம் தர்மபுரிக் குழுவுக்கு விலையில் எந்த மானியமும் இல்லாததால், அப்படிப் பறித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

இதைச் சொன்னதும் சிலர், பார்த்தீர்களா, இலவசம் கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று என் வாயில் அவர்கள் பேச்சைத் திணிக்க வருவார்கள். நான் சொல்வது அதுவல்ல. உணவகம் தொடங்கிய முதல் சில மாதங்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, கூலியைப் பாதியாகத்தான் எடுத்தோம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அந்த மாதங்களை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டேன். களி கிண்டுகிற அம்மா சொன்ன பதில்: “உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்தது மேடம். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் அதில்தான் வாங்கினேன். பஸ்ஸில் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்பதால் தினமும் வர முடிந்தது.” கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் வருகிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. 350 ரூபாய் கூலியில் போக வர 40 ரூபாய் பஸ்ஸுக்கே போயிருந்தால், கூலி பாதியாக இருந்த நாட்களில் அவர் வேலையை விட்டு நின்றிருப்பார். அடுப்பில் உலை கொதிப்பது உறுதியானால்தான் ஒரு பெண் தொழிலில் துணிந்து இறங்க முடியும். அந்த ஆயிரம் ரூபாயை இழிவாகப் பேசுகிறவர்கள், ஒரு மாதச் சம்பளம் வராமல் ஒரு கடையை நடத்திப் பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். உட்காரும் இடம் போதாது. மதியம் ஒன்று முதல் இரண்டு வரை பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்; களியை நின்றுகொண்டு சாப்பிடுவது கடினம், வயதானவர்களுக்கு முடியவே முடியாது. இரண்டு சிமென்ட் பெஞ்சு போட்டால் தீரும். கை கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. விற்பனைக்கு வைத்திருக்கும் கேழ்வரகு மாவு, கம்பு லட்டுப் பொட்டலங்களில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் தயாரித்த தேதியைப் பேனாவால் எழுதுகிறார்கள். கை ஈரம் பட்டால் அழிந்துவிடுகிறது. தேதி முத்திரை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இவை சின்னவை. பெரிய குறை கடை மீது இல்லை. கூட்டம், பயிற்சி, ஆய்வு என்று நடக்கும்போது அலுவலகங்களிலிருந்து ஐம்பது அடை, ஐம்பது சுக்குக் காபி என்று ஆர்டர் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கையில் காசு வருவதில்லை. ரசீது போகும், பிறகு கோப்பு நகர வேண்டும், நிதி ஒதுக்கீடு வர வேண்டும். நிலுவைப் பட்டியலைத் தனியாக ஒரு நோட்டில் வைத்திருக்கிறார்கள். அதில் மூன்று மாதம், நான்கு மாதம் தாண்டிய வரிகள் இருந்தன. சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்கள். எந்த அலுவலகங்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. அடை சுட்ட மாவுக்கும் எண்ணெய்க்கும் கேஸுக்கும் அன்றைக்கே கையிலிருந்து பணம் கொடுத்தவர்கள் இவர்கள். ஒரு மாதம் அந்த நிலுவையால் கடன் தவணைக்குத் தங்கள் சேமிப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள். குழுவுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்துவிட்டு, அதே குழுவிடம் வட்டியே இல்லாமல் அலுவலகங்கள் கடன் வாங்கிக்கொண்டிருப்பது அநியாயம். இடமும் கூட்டமும் கொடுத்த திட்டத்தில் இந்த ஓட்டையை அடைக்க ஒரு விதி போதும்: மகளிர் குழுவின் சிற்றுண்டி ரசீதுக்கு அலுவலகச் சில்லறைச் செலவு முன்பணத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் பணம்.

இன்னொரு கேள்வி, இந்த இடம் இவர்களுக்கு எத்தனை காலம் என்பது. அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வேறு குழுவுக்குப் போகலாம் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அதனால் இருப்பதைவிட நல்ல கிரைண்டர் வாங்கக்கூடத் தயங்குகிறார்கள். அதே சமயம், ஒரே குழுவிடம் நிரந்தரமாக இருந்துவிட்டால் வரிசையில் நிற்கிற மற்ற குழுக்களுக்கு என்ன வழி? என் கருத்து: நான்கு, ஐந்து ஆண்டு என்று முதலிலேயே உறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெளியே சொந்தக் கடை போடும் அளவுக்குச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பு உண்டு. கடைசி ஆண்டில் வங்கியும் மகளிர் திட்ட அலுவலகமும் உட்கார்ந்து அடுத்த இடத்துக்கு வழி பார்க்க வேண்டும். இப்போதே இந்தக் குழு மாவுப் பொட்டலங்களை வெளிக் கடைகள் சிலவற்றில் வைத்து விற்கத் தொடங்கியிருக்கிறது. 2023 முதல் எங்கள் மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கிடைப்பதால், களி மறந்துபோன நகர வீடுகளில்கூட மறுபடி பேச்சு வந்திருக்கிறது. இவர்களிடம் களி கிண்டச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டு வந்த இளம்பெண்களை நானே பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இல்லை. களி பன்னிரண்டரைக்குத் தயாராகும், திங்கட்கிழமை என்றால் ஒன்றேகாலுக்குள் தீர்ந்துவிடும். செல்போனில் பணம் செலுத்தலாம், சில்லறையும் கொடுப்பார்கள். பார்சலுக்குப் பாத்திரம் கொண்டுபோனால் நல்லது. களியை இலையில் கட்டித் தருவார்கள், குழம்புக்குத்தான் தூக்கு வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு ஆர்டர் என்றால் மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், பாதி முன்பணம். அலுவலகக் கூட்டத்துக்கு ஆர்டர் கொடுக்கிறவர்களும் அதே பாதி முன்பணத்தைக் கொடுத்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.